உங்களுக்குத் தெரியுமா? தண்ணீரைச் சுத்தமாக்கும் மண்பானை!

● பார்த்தால் பூந்தொட்டிதான். ஆனால், கலங்கல் தண்ணீரையும் தெளிய வைக்கும் இந்தச் சுட்ட மண்பானை. 1981-இல் குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது இது.

● களிமண்ணோடு மரத்தூளைப் பிசைந்து பானை செய்கிறார்கள். கம்போடியாவில் நெல் உமியைச் சேர்க்கிறார்கள். சூளையில் தூள் எரிந்துபோகும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகும். தண்ணீர் அவற்றின் வழியே கசிய, அழுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்களும் பானையிலேயே தங்கிவிடும். எஞ்சிய கிருமிகளை அடக்க, வெள்ளிக் கரைசலும் பூசுவார்கள்.

● மின்சாரம் வேண்டாம். மணிக்கு 1 முதல் 3 லிட்டர் வரை சொட்டும். அதைக் குழாய் வைத்த, மூடியுள்ள பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். கையோ குவளையோ உள்ளே போகக் கூடாது.

● சொட்டுவது குறைந்தால், உட்புறத்தை மென்மையான பிரஷால் தேய்த்தால் போதும். சோப்பு கூடாது. விரிசல் விட்ட பானையை உடனே மாற்றிவிடுங்கள்.

● கவனம்! உப்பு, ஃபுளோரைடு, ஆர்சனிக் ஆகியவற்றை இது நீக்காது. வைரஸ்களையும் முழுமையாகத் தடுக்காது. சந்தேகம் இருந்தால், வடிந்த நீரைக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு குழந்தைகளுக்குக் கொடுங்கள்.