ஒரு நிமிடக் கற்பித்தல் (மருத்துவக் கல்வி)

ஒரு நிமிடக் கற்பித்தல் என்பது, கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவில் மருத்துவ மாணவர்களுக்குச் சுருக்கமாகப் பயிற்றுவிக்கும் முறையாகும். 1992இல் அமெரிக்க மருத்துவர் நெகரும் உடன் பணியாற்றியோரும் இதை வெளியிட்டனர்.

இதில் ஐந்து படிகள் உள்ளன: மாணவரை ஒரு முடிவு சொல்லச் செய்தல், காரணம் கேட்டல், பொதுவிதி ஒன்றைக் கற்பித்தல், சரியானதைப் பாராட்டுதல், பிழையைத் திருத்துதல்.

எடுத்துக்காட்டாக, புவனகிரி விவசாயி ஒருவர் காய்ச்சல், கெண்டைக்கால் வலியுடன் சிதம்பரம் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருவதாகக் கொள்வோம். மாணவர் "டெங்கு" என்கிறார். ஆசிரியர் காரணம் கேட்கும்போது, நோயாளி வயல்நீரில் வேலை செய்பவரா என்று மாணவர் விசாரிக்காதது தெரிகிறது. எலிக்காய்ச்சலையும் ஐயுற வேண்டும். காய்ச்சல் நோயாளியிடம் தொழிலைக் கேட்க வேண்டும் என்பதே இங்குப் பொதுவிதி. ஆசிரியரே விடை சொல்லிவிட்டால், இக்குறை வெளிப்படாமல் அடுத்த நோயாளியிடமும் தொடரும்.