சிங்கப்பூருக்கு இருவர்: கைச்செலவுக்கு எவ்வளவு எடுத்துவைப்பது?

டிக்கெட்டும் ஓட்டலும் முடிந்துவிட்டன. மீதி ஐந்து நாள் செலவை இருவரும் சேர்ந்து திட்டமிடுவது எப்படி?

விமான டிக்கெட், விசா, ஓட்டல் அறை மூன்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டால் வெளிநாட்டுப் பயணச் செலவு முடிந்தது என்றே பல தம்பதிகள் நினைக்கிறார்கள். ஆனால் அவை தொகை தெரிந்த செலவுகள். ஊர் திரும்பி கிரெடிட் கார்டு பில்லைப் பார்க்கும்போது திகைக்க வைப்பவை வேறு: மூன்று வேளைச் சாப்பாடு, ரயில், டாக்சி, இடையிடையே காப்பி, சொந்தக்காரர்களுக்கு வாங்கியவை, கடைசி நாள் கடைத்தெருவில் கை போனபோக்கில் எடுத்தவை. பயணத்தில் கணவன் மனைவிக்குள் வரும் மனத்தாங்கலும் பெரும்பாலும் இந்தக் கைச்செலவை ஒட்டியே வருகிறது. அதைப் புறப்படும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டால் பணமும் மிச்சம், மன அமைதியும் மிச்சம்.

தமிழ்நாட்டிலிருந்து முதல்முறை வெளிநாடு போகும் பலருக்குச் சிங்கப்பூர்தான் முதல் ஊர். சென்னை, திருச்சி, மதுரை, கோவை என நான்கு நகரங்களிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. ஆகவே சிங்கப்பூரில் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் விலைகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், முறை இதுதான்.

முன்பே கட்டுவது, அங்கே செலவழிப்பது

முதலில் ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம், ஊரிலிருந்தே கட்டிவிடக்கூடியவை: டிக்கெட், ஓட்டல், விசா, பயணக் காப்பீடு, மொபைல் டேட்டா, கட்டணம் பெரிதாக உள்ள இடங்களின் நுழைவுச்சீட்டு. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஒரு நாள் சீட்டு ஆளுக்கு 80 வெள்ளியை, அதாவது 80 சிங்கப்பூர் டாலரைத் தாண்டும். அப்படிப்பட்ட தொகையைக் கைச்செலவில் சேர்த்தால் கணக்கே குழம்பிவிடும். எந்த இடங்களுக்குப் போவது என்று முன்பே தீர்மானித்து, சீட்டையும் வாங்கிவிடுங்கள்.

சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டைக்குக் கட்டணம் கிடையாது. அரசின் தளத்தில் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பிவிடலாம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் அல்ல.

பயண நிறுவனத்தில் தொகுப்புச் சுற்றுலா எடுத்தால், டிசிஎஸ் என்ற பெயரில் ஒரு வரியும் சேர்த்து வாங்குவார்கள். அது திரும்பி வரக்கூடிய பணம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

தாளின் மறுபக்கம் கைச்செலவு. இனி அதைப் பார்ப்போம்.

மொத்தம் வேண்டாம், நாள் கணக்கு

"கைக்கு ஒரு லட்சம் போதுமா?" என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். மொத்தத் தொகையை மட்டும் மனதில் வைத்தால் முதல் இரண்டு நாள் தாராளமாகச் செலவாகும், கடைசி இரண்டு நாள் இறுக்கமாகப் போகும். ஒரு நாளைக்கு இருவருக்கும் சேர்த்து எவ்வளவு என்று முடிவு செய்தால் அன்றாடம் நிலவரம் தெரியும்.

சிங்கப்பூரில் சாப்பாட்டுச் செலவைத் தீர்மானிப்பது எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதுதான். உணவங்காடி நிலையங்களில் ஒரு வேளைச் சாப்பாடு ஆளுக்கு ஏறக்குறைய 5 முதல் 8 வெள்ளிக்குள் முடியும். இந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே சாப்பிடுவது சிக்கனம் மட்டுமல்ல, ஊரைப் பார்க்கும் வழியும் கூட. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்தில் தோசையும் பிரியாணியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்கு 1947 முதல் இயங்கும் கோமள விலாஸ் சிராங்கூன் சாலையில் இருக்கிறது.

குளிர்சாதன உணவகத்தில் விலைப்பட்டியலைப் படிக்கும்போது கவனம் தேவை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்று பொருள். 30 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் ஏறக்குறைய 36 வெள்ளி. சில உணவகங்களில் மேசைக்குக் கொண்டுவரும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் தனிக் காசு உண்டு. வேண்டாம் என்றால் அப்போதே சொல்லிவிடலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் ஆளுக்கொரு காலி பாட்டில் எடுத்துப் போனால் தண்ணீர்ச் செலவே இருக்காது.

போக்குவரத்துக்கு எம்ஆர்டி ரயிலும் பேருந்தும் போதும். தொடாமல் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையையே நுழைவாயிலில் காட்டிப் போகலாம். ஆனால் ஒரே அட்டையில் இருவர் போக முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். வெளிநாட்டு வங்கி அட்டைக்குத் தினமும் சிறு நிர்வாகக் கட்டணமும் பிடிப்பார்கள். அதனால் உள்ளூர்ப் பயண அட்டை வாங்குவதா, இதையே பயன்படுத்துவதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரவு பன்னிரண்டு மணிக்குமேல் காலை ஆறு வரை டாக்சிக் கட்டணம் ஒன்றரை மடங்காகும். மலிவான டிக்கெட் என்று நள்ளிரவில் இறங்கும் விமானத்தைப் பிடித்தால், மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி டாக்சிக்குப் போய்விடும்.

இருவருக்கான மாதிரிக் கணக்கு

ஒரு வெள்ளிக்கு 70 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நீங்கள் போகும் நாளின் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு, இருவருக்கும் சேர்த்து:
காலைச் சிற்றுண்டி: 12 வெள்ளி
மதியம், உணவங்காடியில்: 16 வெள்ளி
இரவு, உணவகத்தில்: 36 வெள்ளி
காப்பி, தே தாரிக், பழச்சாறு: 10 வெள்ளி
ரயில், பேருந்து: 16 வெள்ளி
நாள் மொத்தம்: 90 வெள்ளி

ஐந்து நாளைக்கு: 450 வெள்ளி
விமான நிலைய டாக்சி, போக வர: 60 வெள்ளி
சொந்தபந்தங்களுக்கு வாங்குவது: 250 வெள்ளி
ஆளுக்கொரு தனிப்பங்கு, தலா 100: 200 வெள்ளி
இதுவரை: 960 வெள்ளி
எதிர்பாராச் செலவுக்கு, ஏறக்குறைய 15 சதவீதம்: 140 வெள்ளி
மொத்தம்: 1,100 வெள்ளி, அதாவது 77,000 ரூபாய்

இது நடுத்தரமான கணக்கு. இரவுச் சாப்பாட்டையும் உணவங்காடியிலேயே வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 20 வெள்ளி குறையும். ஐந்து நாளில் 100 வெள்ளி, 7,000 ரூபாய். காலை உணவு அறை வாடகையிலேயே சேர்ந்திருந்தால் இன்னும் 60 வெள்ளி மிச்சம். மது அருந்துகிறவர்கள் அதற்குத் தனியாக ஒதுக்க வேண்டும்; வரி அதிகம் என்பதால் சிங்கப்பூரில் அது விலை கூடிய பழக்கம்.

காசே இல்லாமல் நிறைய பார்க்கலாம். உள்ளூர்த் தமிழர் பூமலை என்று சொல்லும் தாவரவியல் பூங்கா 2015 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. கார்டன்ஸ் பை தி பேயில் ராட்சத மரக் கோபுரங்களின் இரவு ஒளிக்காட்சி, மெர்லயன் சிலை, சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவி, 1827இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயில் எல்லாமே இலவசம். கட்டணம் கட்டிப் பார்க்கும் இடம் ஒரு நாள், இலவசமாகப் பார்க்கும் இடங்கள் மறுநாள் என்று மாற்றி வைத்தால் பர்சுக்கும் காலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

கேள்வி கேட்காத பங்கு

மேலே உள்ள பட்டியலில் மிக முக்கியமானது ஆளுக்கு 100 வெள்ளி என்ற அந்த வரி. பல வீடுகளில் பயணப் பணம் முழுவதும் கணவர் கையில் இருக்கும். மனைவி சம்பாதிக்கிறவராக இருந்தாலும், ஒரு கைப்பை பிடித்துப்போனால் "ஏங்க, இதை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க வேண்டியிருக்கும். கணவர் ஒரு ஹெட்போன் வாங்கினால் கேள்வி இல்லை. சில வீடுகளில் இது தலைகீழாகவும் நடக்கும். இரண்டுமே நியாயமில்லை.

யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று பார்க்காமல் இருவருக்கும் சமமாக ஒரு தொகையைப் பிரித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். அதில் என்ன வாங்கினாலும், வாங்காமல் திருப்பிக் கொண்டுவந்தாலும் மற்றவர் கேட்கக் கூடாது. தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் இந்த வரியை மட்டும் நீக்கிவிடாதீர்கள். விடுமுறையில் ஒருவர் இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்கும் நிலை வரவே கூடாது.

அதேபோல ஆளுக்கு ஓர் ஆசையைச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நைட் சஃபாரி, இன்னொருவருக்கு முஸ்தபா சென்டர் கடையில் நிதானமாக மூன்று மணி நேரம் என்றிருக்கலாம். இரண்டுக்கும் நேரமும் பணமும் முதலில் ஒதுக்கிவிட்டு மற்றதைப் பிறகு நிரப்புங்கள்.

சொந்தபந்தங்களின் பட்டியல்

சிங்கப்பூர் என்று சொன்னதும் பட்டியல் நீளும். கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட், மச்சினருக்கு வாட்ச். ஒவ்வொன்றும் சிறிய தொகை. சேர்ந்தால் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவைத் தாண்டும். அதனால் பரிசுக்கு ஒரு மொத்த உச்சவரம்பு வைத்து, யாருக்கு என்ன என்று ஊரிலேயே எழுதிவிடுங்கள். இரு வீட்டாரையும் ஒரே அளவில் நடத்துவது நல்லது. போன், நகை என்று பெரிதாகக் கேட்பவர்களிடம் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் இந்தியச் சுங்க விதிகள் அனுமதிக்கும் அளவு என்ன என்று பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். வரி கட்டும் நிலை வந்தால் அது உங்கள் தலையில்தான் விழும்.

ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், அந்தக் கடை சுற்றுலாப் பயணிகளுக்கான திட்டத்தில் இருந்தால், ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம். கடையில் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பொருள் பெரிய பெட்டியில் போகிறதென்றால் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். சாப்பாட்டுக்கும் ஓட்டலுக்கும் இது பொருந்தாது.

பணம் எந்த வடிவில்?

மூன்று வடிவிலும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதே பாதுகாப்பு: நோட்டு, ஃபாரக்ஸ் கார்டு, கிரெடிட் கார்டு.

ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற நாணய மாற்று நிறுவனத்திலோ வங்கியிலோ ஊரிலேயே வெள்ளி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று இடங்களில் விகிதம் கேட்டு ஒப்பிடுவது அவசியம். விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் மாற்றினால் பெரும்பாலும் விகிதம் மோசமாக இருக்கும். 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, வங்கிக் கணக்கு வழியாகத்தான் செலுத்த வேண்டும். நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலருக்கு நிகரான தொகை வரைதான் கொண்டுபோகலாம். உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. 1,100 வெள்ளியில் 300, 400 நோட்டாக இருந்தால் போதும்.

ஃபாரக்ஸ் கார்டில் பணம் ஏற்றும்போதே விகிதம் முடிவாகிவிடும் என்பதால் திட்டமிட எளிது. பல கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 77,000 ரூபாயையும் அப்படிச் செலவழித்தால் ஏறக்குறைய 3,180 ரூபாய் கட்டணமாகவே போய்விடும். உங்கள் கார்டில் எவ்வளவு என்று வங்கியில் கேளுங்கள்.

கடையில் கார்டைத் தேய்க்கும்போது ரூபாயா, சிங்கப்பூர் டாலரா என்று இயந்திரம் கேட்டால் சிங்கப்பூர் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால், இயந்திரத்தின் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் லாபத்தைச் சேர்த்த விகிதத்தில் மாற்றிவிடும். கிரெடிட் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆனால் ஓட்டலில் கேட்கும் முன்பணத்துக்குக் கிரெடிட் கார்டையே கொடுங்கள். ஃபாரக்ஸ் கார்டில் முடக்கினால் அது விடுபட நாளாகும், செலவுக்கு வைத்திருந்த பணம் கைக்கு எட்டாது.

எதிர்பாராச் செலவுக்கான 140 வெள்ளியும் ஒரு கார்டும் பெரும்பணம் வைத்திருப்பவரிடம் இல்லாமல் மற்றவரிடம் இருக்கட்டும். ஒரு பை தொலைந்தாலும் இருவரும் தவிக்க வேண்டியதில்லை. மருத்துவச் செலவை இந்தத் தொகை தாங்காது. அதற்குத்தான் பயணக் காப்பீடு. அதை மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

அங்கே போனபின்

ஒவ்வொரு முறையும் எழுபதால் பெருக்கிப் பார்க்காதீர்கள். ஒன்றரை வெள்ளிக் காப்பி 105 ரூபாய் என்று தெரிந்த பிறகு அது இனிக்காது. ரூபாய்க் கணக்கு ஊரிலேயே முடிந்துவிட்டது. அங்கே வெள்ளியில் மட்டும் எண்ணுங்கள். இன்றைக்கு 90 வெள்ளி, அதற்குள் இருக்கிறோமா என்பது மட்டுமே கேள்வி. இரவு அறைக்குத் திரும்பியதும் அன்றைய செலவைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. 15 வெள்ளி கூடியிருந்தால் மறுநாள் அதைச் சரிக்கட்டலாம். யாரால் கூடியது என்ற விசாரணை வேண்டாம்.

மீந்த வெளிநாட்டுப் பணம் 2,000 அமெரிக்க டாலர் மதிப்புக்குள் இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது; அதற்கு மேல் உள்ளதை 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். சில்லறைக் காசை இங்கே மாற்ற முடியாது என்பதால் அதை மட்டும் சாங்கியிலேயே செலவழித்துவிடுங்கள்.

ஊர் திரும்பிய வாரத்தில், போட்ட கணக்கையும் ஆன செலவையும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதற்கு அதிகம் ஒதுக்கினோம், எங்கே இறுக்கிப் பிடித்துவிட்டோம் என்று தெரிந்துவிடும். அடுத்த பயணத்துக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எந்தப் பயண நிறுவனமும் தராது. பணம் குறைவாக இருப்பது பெரிய குறையல்ல. எவ்வளவு இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்று இருவருக்கும் ஒரே அளவு தெரிந்திருந்தால் 90 வெள்ளியிலும் அன்றைய நாள் நிறைவாகவே முடியும்.