ஆறரை அடிக்கும் ஏழடிக்கும் இடையில்

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். கோபத்தைக் கொஞ்சம் ஆறவிட்டுக் கதைக்க வேண்டிய விஷயம் இது. லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களிடமிருந்து கோடை தொடங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும்: "பக்கத்து வீட்டுக்காரர் வேலியை வானத்துக்கு உயர்த்திவிட்டார். கழற்ற வைக்க வழியிருக்கா?" கேட்பவரின் ஆற்றாமை நியாயமானது. அந்தச் சின்னப் பின்வளவில்தான் அவர் கத்தரியும் தக்காளியும் வைக்கிறார், உடுப்புக் காயப்போடுகிறார். இந்தக் குளிர் நாட்டில் வருஷத்துக்கு நாலைந்து மாதம் கிடைக்கும் வெயிலை ஒருவர் பலகை நட்டு மறைத்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனாலும் கவுன்சிலுக்கு எழுத முன்பு, சட்டம் உங்களுக்கு எவ்வளவைத் திருப்பித் தரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானோர் முழு வேலியும் போய்விடும் என்று எதிர்பார்க்கிறார்கள். சட்டம் தருவது பெரும்பாலும் அதன் மேல்நுனியை மட்டும்.

இங்கிலாந்தின் விதியைத்தான் சொல்கிறேன். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. இங்கிலாந்தில் கவுன்சிலிடம் கேட்காமலே ஒரு வீட்டுக்காரர் எதையெல்லாம் செய்யலாம் என்பதை 2015ஆம் ஆண்டு ஆணை ஒன்று வரையறுக்கிறது. 'பெர்மிட்டட் டெவலப்மென்ட்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வேலி, மதில், கேற் எல்லாவற்றுக்கும் அதில் இரண்டே அளவுகள். வாகனம் ஓடும் வீதியை ஒட்டியிருந்தால் 1 மீட்டர். மற்ற எல்லா இடங்களிலும் 2 மீட்டர். அதற்குள் இருந்தால் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. உங்களைக் கேட்க வேண்டியதுமில்லை. உயரத்தைத் தாண்டினால் பிளானிங் அனுமதி வேண்டும்.

ஆகவே முதல் வேலை அளவு நாடாவை எடுப்பது. கண்ணளவை நம்பாதீர்கள். புது வேலி எப்போதும் இருப்பதைவிட உயரமாகத்தான் தெரியும், அதுவும் முன்பு இடுப்பளவு வேலி இருந்த இடமென்றால்.

கடையில் விற்கும் வழக்கமான வேலிப் பலகையின் உயரம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர். மரம் ஈரத்தில் உக்காமல் இருக்க அதன் அடியில் 'கிரவல் போர்ட்' என்று ஒரு கொங்கிரீற் பலகையை வைப்பார்கள். அது 6 அங்குலத்திலும் கிடைக்கும், ஓரடியிலும் கிடைக்கும். 6 அங்குலப் பலகை வைத்தால் மொத்தம் ஆறரை அடி, 1.98 மீட்டர், சட்டத்துக்குள் அடங்கிவிடும். ஓரடிப் பலகை வைத்தால் ஏழடி, 2.13 மீட்டர், சட்டத்தைத் தாண்டிவிடும். வேலி போட வந்தவர் வானில் எந்தப் பலகை கிடந்ததோ அதை வைத்துவிட்டுப் போயிருப்பார். வீட்டுக்காரருக்கு அந்த 13 சென்டிமீட்டர் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்காது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்களை வருத்த வேண்டும் என்று உயர்த்திய வேலியைவிட, இப்படி அறியாமல் உயர்ந்த வேலிகளே அதிகம் என்பது என் எண்ணம். கொடி படர மேலே பொருத்தும் 'ட்ரெலிஸ்' சட்டமும் உயரக் கணக்கில் சேரும். வேலியோடு பொருத்தியிருந்தால் அதன் நுனிவரை அளக்க வேண்டும்.

எங்கிருந்து அளப்பது என்பதில் வில்லங்கம் வரும். இயல்பான நிலமட்டத்திலிருந்துதான் கணக்கு. அவர் மண்ணைக் கொட்டி உயர்த்திவிட்டு அதற்கு மேலிருந்து 2 மீட்டர் என்றால் அது செல்லாது. அதேநேரம் உங்கள் வளவு இயல்பிலேயே பள்ளமாக இருந்தால், உங்கள் பக்கத்திலிருந்து அளந்த 2.3 மீட்டர் அவர் பக்கத்தில் 1.9 ஆக இருக்கலாம். இப்படி மட்டம் வேறுபடும் இடத்தில் உயர்ந்த பக்கத்தை வைத்துப் பார்ப்பதே அதிகாரிகளின் பொதுவான வழக்கம். இரண்டு பக்கத்து அளவையும் எழுதி, நாடாவைப் பிடித்தபடி படமும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. முன்பே அந்த இடத்தில் 2 மீட்டரைத் தாண்டிய வேலி இருந்திருந்தால், பழைய உயரம் வரை புதுப்பிக்க அவருக்கு உரிமை உண்டு. முன்பு என்ன உயரம் இருந்தது என்று காட்ட, நீங்கள் வீடு வாங்கியபோது ஏஜென்ட் எடுத்த பின்வளவுப் படங்கள் கைகொடுக்கும். வீதிப் பக்கமென்றால் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய வருடங்களின் படங்களைத் தேடிப் பார்க்கலாம்.

வீதியோரம் 1 மீட்டர்தான் என்ற விதியை மூலை வீட்டுக்காரர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மூலைக் காணியில் பக்கவாட்டுத் தோட்டமும் வீதியை ஒட்டியே இருக்கும். பின்வளவுதானே என்று அங்கே ஆறடிப் பலகை நட்டால் அது விதிமீறல். 'வீதியை ஒட்டி' என்பதற்குச் சட்டத்தில் இத்தனை அடி என்று தூரம் இல்லை. நடைபாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டாலும் ஒட்டியதாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களின் வளவுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. சில கன்சர்வேஷன் பகுதிகளிலும், முன்வளவு திறந்தே இருக்க வேண்டும் என்று கட்டும்போதே நிபந்தனை போட்ட புதுக் குடியிருப்புகளிலும், கவுன்சில் இந்த உரிமையைப் பறித்திருக்கலாம். கவுன்சில் இணையதளத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

நம்மவர்கள் அடிக்கடி குழம்பும் இடமொன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை என்றால் அது பெரும்பாலும் கதியால் சண்டை. கிடுகு மாற்றுகிற சாக்கில் கதியாலை நாலு விரற்கடை தள்ளி நட்டான் என்று தொடங்கி, நீதிமன்றம் வரை போய், பிள்ளைகள் காலத்திலும் தொடரும். அந்த நினைவோடு வந்தவர்கள் இங்கேயும் எல்லையையும் உயரத்தையும் ஒரே கடிதத்தில் போட்டு எழுதுகிறார்கள். வேலி யாருடைய மண்ணில் நிற்கிறது என்பது கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அவர்கள் பார்ப்பது உயரத்தை. எல்லைப் பிரச்சினை உறுதியையும் சொலிசிட்டரையும் சேர்ந்தது. அதிலும் லேண்ட் ரெஜிஸ்ட்ரி வரைபடத்தின் கோடு எல்லையைப் பொதுவாகத்தான் காட்டும். அங்குலக் கணக்குக்கு அதை நம்ப முடியாது. வீட்டுக்கு இடப்பக்க வேலி உன்னுடையது, வலப்பக்கம் அவனுடையது என்று பலர் சத்தியம் செய்வார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. உறுதியில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இனி வெயிலுக்கு வருவோம். லண்டன் ஏறக்குறைய வடக்கு அகலக்கோடு 51.5 பாகையில் இருக்கிறது. ஜூன் மாத நடுவெயிலில் சூரியன் 62 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது உங்கள் தெற்கு எல்லையில் நிற்கும் 2 மீட்டர் வேலியின் நிழல் 1 மீட்டருக்குச் சற்று மேல் விழும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் இரவும் பகலும் சமமாகும் நாளில் அது 2.5 மீட்டர். டிசம்பரில் சூரியன் 15 பாகைக்கு மேல் ஏறாது. நிழல் 7 மீட்டரைத் தாண்டும், சின்ன வளவு முழுக்க மூடிவிடும். இப்போது வேலி சட்டத்தைவிட 30 சென்டிமீட்டர் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதலால் மட்டும் ஜூனில் 16 சென்டிமீட்டர் நிழல் நீளும். மார்ச்சில் 38 சென்டிமீட்டர். டிசம்பரில் 1 மீட்டருக்கு மேல், ஆனால் டிசம்பரில் உங்கள் பாத்தியில் கத்தரி இல்லை.

கணக்கு இப்படி இருக்கும்போது, கவுன்சில் முழுமூச்சாக உங்கள் பக்கம் நின்று அந்த 30 சென்டிமீட்டரை வெட்ட வைத்தாலும் தக்காளிக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. உங்களை வருத்துகிற நிழலில் பெரும்பகுதி சட்டம் அனுமதித்த 2 மீட்டரிலிருந்து விழுவது. ஆறு மாதம் கடிதம் எழுதி, அயலோடு முகம் முறித்த பிறகு இது தெரியவருவதைவிட, இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது. அறையின் ஜன்னலுக்கு முன்னால் நெருக்கி நிற்கும் வேலி என்றால் கதை வேறு. அங்கே 30 சென்டிமீட்டர் உள்ளே இருப்பவருக்குப் பெரிய வித்தியாசம். வீதியோரம் 1 மீட்டர் நிற்க வேண்டிய இடத்தில் ஆறடி நிற்கிறதென்றாலும் போராட நல்ல காரணம் உண்டு. காரை வெளியே எடுக்கும்போது நடைபாதையில் வரும் பிள்ளை கண்ணில் படாது.

"எங்கள் பார்வையை மறைத்துவிட்டார்" என்ற முறைப்பாடு மட்டும் எங்கேயும் எடுபடாது. இது பழைய சட்டம். அயலவர் கட்டிய பன்றிக்கொட்டிலின் நாற்றம் தாங்காமல் வில்லியம் ஆல்ட்ரெட் என்பவர் தொடுத்த வழக்கு 1610இல் தீர்ந்தது. நாற்றத்துக்கு அவருக்கு நிவாரணம் கிடைத்தது. ஆனால் நல்ல காட்சி என்பது மனமகிழ்ச்சிக்கு உரியது மட்டுமே, அது போனதற்கு வழக்கில்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே சொன்னார்கள். 'ரைட் டு லைட்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 20 வருடம் வெளிச்சம் பெற்ற ஜன்னலுக்கு வரக்கூடிய உரிமை, தோட்டத்துக்கு வராது.

சரி, அளந்தாயிற்று, 2.13 மீட்டர் வருகிறது. அடுத்து என்ன? அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கையில் சட்டப் பிரதியோடு போகாதீர்கள். "வேலி வடிவாக இருக்கிறது, அடிப்பலகை மட்டும் ஓரடி என்பதால் 2 மீட்டரைத் தாண்டுது போல, ஒருக்கா பார்ப்போமா?" என்று கேளுங்கள். கொங்கிரீற் தூணில் பள்ளம் விட்டுப் பலகையை இறக்கிய வேலி என்றால் திருத்துவது சுலபம். பலகையை மேலே உருவி, ஓரடி அடிப்பலகையை எடுத்து, 6 அங்குலப் பலகையை வைத்து மறுபடி இறக்கினால் 1.98 மீட்டருக்கு வந்துவிடும். தூணைத் தோண்ட வேண்டியதில்லை. நீட்டிக்கொண்டு நிற்கும் தூண் நுனியை மட்டும் வெட்டிவிடலாம். புதுப் பலகைக்கான செலவில் பாதியை நீங்கள் தருவதாகச் சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். ட்ரெலிஸ் என்றால் நாலு திருகாணி கழற்றும் வேலை.

முகத்துக்கு முகம் கதைப்பதில் எனக்கு இத்தனை அக்கறை ஏன் என்றால், நீங்கள் ஒருநாள் அந்த வீட்டை விற்பீர்கள். விற்கும்போது டிஏ6 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அயலோடு தகராறு, முறைப்பாடு ஏதும் இருந்ததா என்று அதில் நேரடியாகக் கேட்டிருக்கும். மறைத்தால் வாங்கியவர் பின்னர் உங்கள் மீது வழக்குப் போடலாம். உண்மையைச் சொன்னால் வாங்க வந்தவர் யோசிப்பார். இருவருமாகக் கதைத்துச் சிரித்தபடி முடித்த விஷயத்தைத் தகராறு என்று யாரும் எழுதப்போவதில்லை.

கதைத்தும் பலனில்லை என்றால் கவுன்சிலின் பிளானிங் என்ஃபோர்ஸ்மென்ட் பிரிவுக்கு எழுதுங்கள். அளவு, படம், எப்போது போட்டார் என்ற விவரம் மூன்றும் போதும். அவருடைய குணம், நாய், பார்ட்டி எதையும் எழுதாதீர்கள். முறைப்பாடு செய்தவரின் பெயரைப் பொதுவாக வெளியே விடமாட்டார்கள். அதிகாரி வந்து பார்த்து, குறைக்கச் சொல்லலாம், அல்லது பின்னனுமதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம். அப்படி விண்ணப்பம் வந்தால் அயலவரின் கருத்தைக் கேட்பார்கள். அங்கே நீங்கள் எழுதுவது உங்கள் பெயரோடு பொதுவில் வரும், கவனம். வெளிச்சம், ஜன்னலை நெருக்கி அழுத்தும் உயரம், தெருவின் தோற்றம் ஆகியவற்றை எழுதலாம். வீட்டு விலை குறையும் என்பதற்கு மதிப்பில்லை.

நடவடிக்கை எடுப்பதா இல்லையா என்பது கவுன்சிலின் விருப்பம். 13 சென்டிமீட்டர் கூடுதலுக்கு "நடவடிக்கை எடுப்பது உசிதமில்லை" என்று ஒரு வரிப் பதில் வரலாம். அதை எதிர்த்து மேன்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை கிடையாது. கவுன்சில் முறைப்பாட்டைச் சரிவர விசாரிக்கவில்லை என்றால் மட்டும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். காலக்கெடுவையும் பாருங்கள்: 2024 ஏப்ரல் 25க்கு முன் கட்டி முடித்த வேலி 4 வருடம் நின்றுவிட்டால் கவுன்சில் கை வைக்க முடியாது, அதற்குப் பிறகு முடித்தது என்றால் 10 வருடம்.

மறைப்பது பலகையாக இல்லாமல் லேலண்டி போன்ற பசுமை மாறா மரங்களாக இருந்தால் 2003ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் வரும். அங்கேயும் அளவு 2 மீட்டர்தான், ஆனால் முதலில் அயலவரோடு கதைத்துப் பார்த்ததற்குச் சான்று கேட்பார்கள், முறைப்பாட்டுக்குக் கவுன்சில் கட்டணமும் அறவிடலாம்.

வேலி சட்டத்துக்குள் இருக்கிறது, அசையாது என்று ஆகிவிட்டால் பாத்தியை நகர்த்துங்கள். தெற்கு வேலியிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் பாத்தி வெட்டினால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை மதிய வெயில் தடையில்லாமல் விழும். கோடைகால நேரத்தில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 1 மணியளவில். நிழல் எங்கே நிற்கிறது என்று அந்த நேரத்தில் ஒரு தடி நட்டு அடையாளம் வையுங்கள். வேலியடி நிழலில் புதினாவும் கீரையும் வரும், கத்தரியை அங்கே வைக்க வேண்டாம். கொடியை ஏற்ற வேண்டுமென்றால் உங்கள் மண்ணில் தனிச் சட்டம் நட்டு ஏற்றுங்கள். அவருடைய வேலியில் அவரைக் கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.