ஓடை சொல்லும் வரலாறு

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் குடியேறி வாழும் தமிழர் பலர். மழை ஓய்ந்தபின் அங்குள்ள ஓடைக்கரைகளில் விந்தையான கற்களும் பழைய கண்ணாடிப் புட்டிகளும் கண்ணிற்படுவதுண்டு. அக்கற்களுள் தொல்லுயிர்ப் படிவங்கள், அதாவது கல்லாய் மாறிய பண்டை உயிர்களின் எச்சங்கள், இருக்குமா என்று நாம் வியக்கிறோம்.

அவை அங்கே கிடைப்பதற்கில்லை. வாளையாறும் பாம்பாறும் பிறக்கும் மலைகள் பெரும்பாலும் நிலத்தின் ஆழத்தில், கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகளால் ஆனவை. அவ்வெப்பத்தில் உயிரின் தடம் எதுவும் நிலைப்பதில்லை. கடலடியில் சேறு மெல்லப் படிந்து இறுகிய இடமே தொல்லுயிர் தேடுதற்கு ஏற்றது. நம் அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் அத்தகையது. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் பரவியிருந்தது. காரை என்னும் ஊரருகே மழைநீர் அரித்த ஓடைகளில் சுருள் வடிவான அம்மோனைட்டுச் சிப்பிகள் வெளிப்படுகின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் அதை உலகறியச் செய்தவர் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன்.

ஆயினும் மலையோடைப் புட்டிகளை அற்பமென ஒதுக்குதல் தகாது. தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய தமிழ்த் தொழிலாளர் தம் வாழ்வை எழுதிவைத்தது மிகக் குறைவு. மூணாற்றுச் சிறுரயிற்பாதையை அழித்த 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளமும் பல தடயங்களை வாரிச் சென்றது. எஞ்சிய பொருள்களே அக்காலத்துக்குச் சான்று.

புட்டியின் வயதை ஓரளவு நாமே கணிக்கலாம். பக்கத்தில் ஓடும் அச்சுக்கோடு கழுத்திலேயே நின்றுவிட்டால், வாயைக் கையால் முடித்தனர் என அறியலாம். அக்கோடு வாயின் விளிம்புவரை ஏறினால், அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் இயந்திரம் செய்தது. கோலி சோடாப் புட்டி, ஆங்கிலேயரான ஹைரம் காட் 1872ஆம் ஆண்டில் உரிமை பெற்ற அமைப்பு.

எடுக்குமுன் ஒன்று செய்வோம்: கிடந்த இடத்தையும் நாளையும் குறித்துக்கொள்வோம். இடமறியாத புட்டி வெறும் கண்ணாடியே. இடமறிந்த புட்டி ஒரு குடியிருப்பின் சான்று. கரையைத் தோண்டுதல் கூடாது. மறையூர்ப் பகுதியில் முனியறை எனப்படும் பண்டைக் கல்லறைகள் உள்ளன. அவற்றின் அருகே ஒரு கல்லையும் அசைத்தலாகாது. நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது. ஆதலின் அரியது எதிர்ப்பட்டால் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. முதியோரிடம் அப்புட்டியைக் காட்டிக் கேட்போமாயின், ஏடுகளில் இல்லாத செய்தியும் கிடைக்கும்.