கடலடிப் புல்வெளியில் ஒரு வார இறுதி

வெள்ளிக்கிழமை மாலையே பையைக் கட்டி வைத்துவிட்டால், சனிக்கிழமை காலை பசியாறும் நேரத்தில் நீங்கள் தென்சீனக் கடலோரம் நிற்கலாம். உலு திராமிலிருந்து கோத்தா திங்கி வழியாக மெர்சிங் போகும் சாலை நம்மில் பலருக்குப் பழகிய சாலைதான். மெர்சிங்கிலிருந்து படகேறினால் ரவா, பெசார், திங்கி, பெமாங்கில், ஆவூர் எனத் தீவுகள் வரிசையாக இருக்கின்றன. மெர்சிங் வரை போகாமல் முன்பே தஞ்சோங் லேமான் படகுத்துறைக்குத் திரும்பினால், அரை மணி நேரப் படகுப் பயணத்தில் சிபு தீவு. (சரவாக்கில் இருக்கும் சிபு நகரம் வேறு!)

இத்தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1994ஆம் ஆண்டு கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பெயர் சுல்தான் இஸ்கண்டார் கடல் பூங்கா. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் தூரம் வரை அங்கே மீன் பிடிப்பதற்கும் பவளம் எடுப்பதற்கும் தடை உண்டு. போகிறவர்கள் பெரும்பாலும் நீந்துவார்கள், மீன் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் அறிவியலையும் கையோடு கொண்டு போனால் அதே கடல் இன்னும் எவ்வளவோ காட்டும்.

படகு ஏன் தாமதமாகிறது?

மெர்சிங் படகுத்துறை ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. நீர் வற்றும் வேளையில் பெரிய படகுகள் அங்கே நுழைய முடியாது. அதனால்தான் படகு நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது. காரணம் நிலா. நிலாவின் ஈர்ப்பும், ஓரளவு சூரியனின் ஈர்ப்பும் கடல்நீரை ஏறி இறங்க வைக்கின்றன. நிலா ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால் ஓதமும் அதற்கேற்பத் தள்ளிப்போகிறது. பௌர்ணமி, அமாவாசை நாள்களில் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாக இருக்கும். படகுத்துறையில் காத்திருக்கும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முணுமுணுப்பு குறையும்.

முகமூடிக்குள் இயற்பியல்

நீர்முகமூடி அணிந்து கீழே பார்த்தால் மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். கையை நீட்டினால் எட்டாது. நீரிலிருந்து முகமூடிக்குள் இருக்கும் காற்றுக்கு வரும்போது ஒளி விலகுகிறது. அதனால் பொருள்கள் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகவும், மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும் தெரியும். ‘இவ்வளவு பெரிய மீனைப் பார்த்தேன்!’ என்று உங்கள் மகன் கையை விரித்தால் அவன் பொய் சொல்லவில்லை.

மூச்சுக்குழாய் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று என் மாணவர்கள் கேட்பார்கள். ஒரு மீட்டர் நீளக் குழாய் இருந்தால் ஆழத்திலேயே மூச்சு விடலாமே? முடியாது. ஒரு மீட்டர் ஆழத்தில் மார்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 100 கிராம் எடைக்குச் சமமான நீரழுத்தம் கூடுதலாக அழுத்தும். குழாய் வழியே வரும் காற்றுக்கோ மேற்பரப்பில் உள்ள அழுத்தம்தான். அந்த வேறுபாட்டை எதிர்த்து நெஞ்சை விரிப்பது பெரும்பாடு. அதோடு, விட்ட மூச்சே நீளமான குழாயில் தங்கி மீண்டும் உள்ளே போகும். வீட்டில் தோட்டத்துக் குழாயை வைத்து யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பாசியல்ல, புல்

சில ஆண்டுகளுக்கு முன்பு சிபு தீவில் மாணவர்களோடு ஆழமற்ற நீரில் நின்றுகொண்டிருந்தேன். காலுக்கடியில் பச்சையாக ஏதோ வழுக்கியது. “பாசி, பார்த்து நடங்கள்” என்றேன். அறிவியல் ஆசிரியர் அல்லவா, குரலில் உறுதிக்குக் குறைவில்லை. படகோட்டி பாக்சிக் சிரித்தார். “இத்து ரும்புட் லாவுட், சிக்கு. மாக்கானான் டுயோங்.” அது கடற்புல், டுயோங்கின் உணவு என்றார். நாங்கள் எல்லாரும் அதை மிதித்துக்கொண்டுதான் நின்றோம். அன்று பாடம் கற்றது ஆசிரியர்.

பாசிக்கு வேர் கிடையாது, பூவும் கிடையாது. கடற்புல்லுக்கு வேர் உண்டு, இலை உண்டு, பூ உண்டு. அது நீருக்கடியிலேயே பூத்துக் காய்க்கும் தாவரம். வேர்கள் மணலைப் பிடித்து வைக்கின்றன. இலைகளுக்கிடையே மீன் குஞ்சுகளும் இறால்களும் ஒளிந்து வளர்கின்றன. காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மண்ணுக்கடியில் சேர்த்து வைப்பதிலும் கடற்புல்வெளிக்கு முக்கியப் பங்கு உண்டு.

அந்தப் புல்லை நம்பி வாழும் டுயோங்கைத் தமிழில் கடற்பசு என்கிறோம். பாக் நீரிணைப் பகுதித் தமிழ் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பாலூட்டி இனமான அது மீனுக்கல்ல, யானைக்குத்தான் உறவு. மூன்று மீட்டர் வரை நீளமும் சுமார் 400 கிலோ எடையும் உள்ள இந்த விலங்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் மேய்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். சிபு, திங்கி தீவுகளின் புல்வெளிகள் தீபகற்ப மலேசியாவில் ஆவுளியாக்கள் இன்றும் மேயும் மிகச் சில இடங்களுள் அடங்கும்.

சீ தெனாங் விட்டுச்சென்ற கணக்கு

1999ஆம் ஆண்டு நம் பாசிர் கூடாங் கடலில் ஓர் ஆவுளியாக் குட்டி மீன்பிடிக் கண்ணியில் சிக்கியது. சாதுவான அந்தக் குட்டிக்குச் சீ தெனாங் என்று பெயரிட்டார்கள். நாடே அதன் கதையைக் கேட்டது. ஆனால் அது பிழைக்கவில்லை.

ஒரு குட்டி இறந்தால் என்ன, இன்னொன்று பிறக்குமே என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். ஆவுளியா 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆனால் முதல் குட்டியை ஈனச் சில வேளைகளில் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடும். கருவைச் சுமப்பது 13 மாதங்களுக்கு மேல். ஒரு முறைக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. எல்லாம் சாதகமாக இருந்தாலும் அவற்றின் கூட்டம் ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டிற்கு மேல் பெருகாது. நூறு ஆவுளியாக்கள் உள்ள கடலில் வலையிலும் படகிலும் அடிபட்டு ஆண்டுக்குச் சில பெரிய விலங்குகள் கூடுதலாக இறந்தாலே போதும், எண்ணிக்கை சரியத் தொடங்கிவிடும்.

இதற்கு உலகம் ஏற்கெனவே சாட்சி. ஆவுளியாவின் பெரிய உறவான ஸ்டெல்லர் கடற்பசுவை அறிவியல் உலகம் 1741இல் முதன்முதலாகப் பார்த்தது. 1768க்குள் அது வேட்டையாடப்பட்டு அடியோடு அழிந்துபோனது. 27 ஆண்டுகள் போதுமானதாக இருந்தன. நம்பிக்கையூட்டும் செய்தியும் உண்டு. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவித்தது. நம் நாட்டிலும் ஆவுளியா சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்குதான். ஆனால் விசைப்படகின் சுழல்விசிறிக்குச் சட்டம் தெரியாது.

பவளமும் ஆமையும்

புல்வெளியைத் தாண்டினால் பவளப்பாறை. பவளம் கல்லல்ல, உயிர்க்கூட்டம். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு உணவும் நிறமும் தருகிறது. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010இல் அப்படி வெளுத்தபோது தியோமான், ரெடாங் உள்ளிட்ட தீவுகளில் பல முக்குளிப்பு இடங்கள் சில மாதங்கள் மூடப்பட்டன.

இத்தீவுகளுக்கு முட்டையிட வரும் பேராமை, அழுங்காமை ஆகியவற்றுக்கும் வெப்பம்தான் விதி எழுதுகிறது. மணலின் வெப்பம் சுமார் 29 பாகை செல்சியசைத் தாண்டினால் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பிறக்கும். வெப்பம் கூடிக்கொண்டே போனால் ஆண் ஆமைகளுக்கு எங்கே போவது?

போகும்போது

• நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். மார்ச் முதல் அக்டோபர் வரை போவது நல்லது.

• பாதுகாப்பு மிதவை உடையைக் கழற்றாதீர்கள். 2022 ஏப்ரலில் மெர்சிங் அருகே தோக்கோங் சங்கோல் பகுதியில் முக்குளித்த நால்வரை நீரோட்டம் இழுத்துச் சென்றது. அவர்களில் பதினான்கு வயதுச் சிறுவன் திரும்பவில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் நீரோட்டத்தை வெல்ல முடியாது.

• ஆழமற்ற நீரில் வேகத்தைக் குறைக்கும்படி படகோட்டியிடம் கேளுங்கள். புல்லின்மேலும் பவளத்தின்மேலும் நங்கூரம் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

• பவளத்தின்மேல் நிற்காதீர்கள். வெயில் காப்புக் களிம்புக்குப் பதில் நீண்ட கை நீச்சல் உடை அணியுங்கள்.

• மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். ஆமையைத் துரத்தாதீர்கள்.

ஆவுளியாவை நேரில் பார்ப்பது அரிது. நானும் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் நீர் வற்றிய காலை வேளையில் புல்வெளி ஓரத்தில் நின்று உற்றுப் பாருங்கள். பச்சைக்கு நடுவே ஒரு சாண் அகலத்தில் புல்லில்லாத மணற்கோடு ஒன்று வளைந்து போகக்கூடும். ஆவுளியா வேரோடு மேய்ந்த தடம் அது. முதன்முதலாக அதைப் பார்த்த என் மாணவி ஒருத்தி சத்தமாகப் பேசாமல், “டீச்சர், அது இங்கதான் எங்கயோ இருக்கு” என்று கிசுகிசுத்தாள். உங்கள் பிள்ளைகளும் அதைச் சொல்ல வேண்டும். அவர்களுடைய பிள்ளைகளும் சொல்ல வேண்டும்.