பி.ஆர்.சி.ஏ. ரிப்போர்ட் வந்தா என்ன அர்த்தம்?

எங்க செங்கல்பட்டுப் பக்கம் மார்பகப் புற்றுநோய்ப் பேச்சு வந்தா ரெண்டு கேள்வி ஒண்ணா கலந்து வரும். "அத்தைக்கு இருந்துச்சு, எனக்கும் வருமா?" "ரிப்போர்ட்ல பி.ஆர்.சி.ஏ.ன்னு இருக்கு, அப்போ பிழைக்க மாட்டேனா?" இரண்டும் வேறு வேறு.

முதலாவதுக்குப் பதில் கொஞ்சம் பயமுறுத்தும். பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 எல்லாருக்கும் இருக்கிற மரபணுக்கள்தான். மாமல்லபுரம் பக்கம் தேவனேரி குப்பத்துக் கரையில் கிழிந்த வலையைச் சரிபண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை: அறுந்த டி.என்.ஏ. இழையை ஒட்டுவது. ஒரு பிரதி பழுதாகப் பிறந்த பெண்ணுக்கு 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம் என்கின்றன மேல்நாட்டு ஆய்வுகள். அப்பா வழியிலும் வரும் என்பதால் அத்தையும் கணக்கில் உண்டு. நான் பார்த்தவரை டாக்டரிடம் அம்மா வழியை மட்டும்தான் சொல்கிறார்கள்.

இது வெளிநாட்டு விவகாரம் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் குழு 2009ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. குடும்பத்தில் நோய் இருந்த 61 மார்பக, சினைப்பைப் புற்றுநோயாளிகளில் 17 பேருக்கு இந்த மரபணுக்களில் பிறழ்வு. அதில் 10 பேருக்கு ஒரே பிறழ்வு: பி.ஆர்.சி.ஏ.1ல் இரண்டு எழுத்து விடுபட்டிருந்தது. மூன்று மூன்றாகப் படிக்கவேண்டிய வாசகம் அதோடு குழம்பி, புரதம் பாதியில் நின்றுவிடும். அஷ்கனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படும் அதே பிறழ்வு! (குடும்ப வரலாறு உள்ளவர்களின் கணக்கு இது, எல்லாருக்குமானது இல்லை.)

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பிரிட்டனில் 40 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்த 2,733 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 338 பேருக்குப் பிறழ்வு இருந்தது. 2018ல் வந்த முடிவு: பத்து வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள், பிறழ்வு உள்ளவர்களில் 73.4 சதவீதம், இல்லாதவர்களில் 70.1. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. நோயை வரவழைக்கிற பழுது, வந்த நோயை இன்னும் கொடியதாக்கிவிடவில்லை.

ஒருவகையில் கட்டிக்கும் அதே பலவீனம்தான். ஒட்டுப்போட ஆளில்லாத அந்தச் செல்களை ஓலாபரிப் மாத்திரை குறிவைக்கிறது. பிறழ்வுள்ள, திரும்ப வரும் ஆபத்து அதிகமான 1,836 பேரிடம் நடந்த சோதனையில், மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 85.9 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 77.1 (2021). விலைதான் நம்மூரில் இடிக்கும்.

இன்னொரு மார்பிலும் சினைப்பையிலும் புதிதாக நோய் வரும் ஆபத்து மட்டும் உண்மை. பாசிட்டிவ் என்றால் டாக்டரிடம் அதைக் கேளுங்கள். கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தங்கைக்கு மட்டுமில்லை, தம்பிக்கும் சொல்லுங்கள். அவருக்கு எதுவும் வராமலே அவர் மகளுக்குப் போகலாம்.