டப்பா எத்தனை நாள் வருகிறது?

நாலு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பதி வந்தார்கள். கூடவே பாட்டி. "பிள்ளை தேறவே மாட்டேங்குது டாக்டர். நல்ல உரை மருந்தா ஒண்ணு குடுங்க" என்றார் பாட்டி.

குழந்தையை நிறுத்துப் பார்த்தேன். நாலரைக் கிலோகூட இல்லை. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. பால் பத்தவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டாம் மாதமே டப்பா பாலுக்கு மாறிவிட்டார்களாம்.

நாடி பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "டப்பா எத்தனை நாள் வருதும்மா?"

"பத்து நாள் வரும்ங்க. பார்த்துப் பார்த்துத்தான் போடுறேன்" என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் பெருமையாகவே.

நோய் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். தாய்ப்பாலே இல்லாமல் பவுடர் பாலை மட்டும் நம்பியிருக்கும் மூன்று, நாலு மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 முதல் 120 கிராம் பவுடர் வேண்டும். 400 கிராம் டப்பா நாலு நாளைக்கு மேல் தாங்காது. அதைப் பத்து நாளைக்கு இழுத்தால், குழந்தை குடித்ததில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர் என்றுதானே அர்த்தம்? வயிறு நிரம்பும், உடம்பு நிரம்பாது. தண்ணீர் ரொம்ப அதிகமானால் ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து வலிப்புகூட வந்துவிடும்.

அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை. குழம்பு பத்தாவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்ப்பதில்லையா? அதே சிக்கன புத்திதான். ஆனால் அதே வீட்டில் பேர் வைக்கும் விழாவுக்குக் கடன் வாங்கியிருந்தார்கள். வாக்கர், வாசனைப் பவுடர், கிரைப் வாட்டர் என்று ஒன்று பாக்கியில்லை. இறுக்கக் கூடாத இடத்தில் இறுக்கி, விடக் கூடாத இடத்தில் தாராளமாக விட்டிருக்கிறார்கள். பல வீடுகளில் நடப்பது இதுதான்.

அன்றே அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பி வைத்தேன். அங்கே சரியான அளவில் பால் கரைக்கச் சொல்லிக் கொடுத்து, கூடவே மறுபடியும் மார்பில் போட்டுப் பழக்கினார்கள். மூன்று வாரத்தில் ஓரளவு பால் திரும்பச் சுரந்தது. குழந்தையும் தேறியது.

இந்தச் செலவைக் குறைக்காதீர்கள்

முதல் செலவு, தாயின் சாப்பாடு. பால் கொடுக்கும் தாய்க்குத் தினமும் ஏறக்குறைய 500, 600 கலோரி கூடுதலாக வேண்டும். பயந்துவிடாதீர்கள். இரண்டு தோசை, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கடலை உருண்டை. அவ்வளவுதான். மாதம் எட்டு, ஒன்பது டப்பா என்ன விலை ஆகும் என்று பெருக்கிப் பார்த்தால் எது லாபம் என்று உங்களுக்கே புரியும்.

பத்தியம் என்ற பேரில் ரசம் சோற்றை மட்டும் போட்டு, தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பூண்டு, முருங்கைக் கீரை, பாசிப்பயறு, கேழ்வரகு எல்லாமே சாப்பிடலாம். தண்ணீர்விட்டான் கிழங்கு போன்ற மருந்துகளைச் சித்த மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். பாலைச் சுரக்க வைக்கும் முதல் மருந்து, குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதுதான்.

"பால் பத்துதா, பத்தலையான்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போய், எடையும் மாதாமாதம் ஏறினால் பால் போதுகிறது. ஐந்து, ஆறு மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்காகும். ஒரு வயதில் மூன்று மடங்காகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம்.

தாய்க்கு உடல்நிலை சரியில்லை, பவுடர் பால் கொடுத்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொன்னால் கொடுங்கள். ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் அளவில் ஒரு கரண்டியும் குறையக் கூடாது. வாங்கக் கையில் காசு இல்லை என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், செலவை யோசித்துக்கொண்டு ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இது இல்லாமலே குழந்தை வளரும்

வாக்கர் வேண்டாம். நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, விழுந்து அடிபடத்தான் வழி. கனடா நாட்டில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். வாசனைப் பவுடர் வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போகும். கிரைப் வாட்டரும் தேவையில்லை.

டயாபர் ஒன்று பத்து ரூபாய் என்று வைத்தாலும், நாளைக்கு ஆறு என்றால் மாதம் 1,800 ரூபாய். ராத்திரிக்கும் பயணத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, பகலில் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுங்கள். துவைத்து வெயிலில் காயப் போட்டால் போதும்.

ஆறு மாதம் முடிந்ததும் டப்பா மாவுக்குப் பதிலாகக் கேழ்வரகுக் கூழ், நெய் விட்டுக் குழைத்த பருப்பு சாதம், மசித்த வாழைப்பழம், வேகவைத்த முட்டை என்று ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். தாய்ப்பாலும் தொடரட்டும்.

ஒரு சித்த மருத்துவனாக இதையும் சொல்லியாக வேண்டும். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பேர் உண்டு. அதற்காக நீங்களாகச் சுட்டு, உரசி, பச்சைக் குழந்தையின் நாக்கில் தடவாதீர்கள். அளவு மீறினால் வாந்தி எடுக்கும். மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் முறைதான். என்றாலும் ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதிலிருக்கும் கிருமியால் விஷம் ஏறலாம். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். உடம்பில் தேங்காய் எண்ணெயை இதமாகத் தடவினால் போதும்.

இலவசம் என்று இளக்காரம் வேண்டாம்

பிறந்தவுடன் பி.சி.ஜி., பிறகு 6, 10, 14 வாரங்களில், ஒன்பதாம் மாதத்தில் என்று போட வேண்டிய தடுப்பூசிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அங்கன்வாடியில் பால் கொடுக்கும் தாய்க்கும், ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கும் சத்துமாவு தருகிறார்கள். தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. கர்ப்பம் உறுதியானதுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துகொள்ளுங்கள். பிறப்பையும் 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணம் கிடையாது.

இப்படி மிச்சமாவதை என்ன செய்யலாம்? தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாயில் ஆர்.டி. தொடங்கலாம். பெண் குழந்தை என்றால், 2015-ல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் வருஷம் 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும்.

இன்று ராத்திரி குழந்தை தூங்கின பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து ஒரு தாளை எடுங்கள். இந்த மாதம் குழந்தைக்காக ஆன செலவை ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் குழந்தையின் உடம்பில் சேர்ந்தது எது, ஊர் பார்க்கச் செய்தது எது என்று மறுபக்கம் பிரியுங்கள். முதல் வகையில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காதீர்கள். இரண்டாவதில் எவ்வளவு குறைத்தாலும் உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது.